துப்ளோயன் சுருக்கெழுத்து திரையில் உடைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிரான்சில் எமில் துப்ளோயே 1860-இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை, பின்னர் ஆங்கிலம், ருமேனியம் என்று பல மொழிகளுக்குப் போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாதிரியார் லெ ஜூன் அதையே சின்னுக் வாவா என்ற வணிக மொழிக்கு எழுத்தாக்கி, 1891 முதல் கம்லூப்ஸ் ஊரிலிருந்து ஒரு செய்தித்தாளே நடத்தினார். சுருக்கெழுத்து ஒன்று ஒரு சமூகத்தின் அன்றாட எழுத்தாகவே ஆகிவிட்டதால், யூனிகோடு 7.0 பதிப்பில், 2014-இல், அதற்குத் தனித் தொகுதி கிடைத்தது. நம் கிரந்தத்துக்கு இடம் கிடைத்ததும் அதே பதிப்பில்தான். தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் சொல்லித்தரும் பிட்மன் முறைக்கு இன்னும் அந்த வாய்ப்பு வரவில்லை.

இந்த எழுத்தைக் கையாளும்போது வரும் கோளாறுகள் பலவும் எழுத்துருவில் இருப்பதில்லை. ஆனால் எல்லோரும் முதலில் எழுத்துருவைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் எண்ணை, அதாவது யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் தந்திருக்கும் குறியெண்ணை, பாருங்கள். எந்த எண் எந்த எண்ணாக மாறியிருக்கிறது என்பதே, உடைந்தது எந்த இடத்தில் என்று சொல்லிவிடும்.

எண்களைக் கீழே பதின்மத்தில் தருகிறோம். வலைப்பக்கத்தில் &#113732; என்று அப்படியே எழுதிச் சோதிக்கலாம். எக்செல்லில் யூனிகார் (UNICHAR) செயற்கூறுக்கும் பதின்ம எண்தான் வேண்டும். பதினறுமத்தில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) பார்க்க நேர்ந்தால், தொகுதி யூ+1பிசி00-இல் (U+1BC00) தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அது பதின்மத்தில் 113664.

கையில் இருக்கவேண்டிய எண்கள்

தொகுதி 113664 முதல் 113823 வரை. உள்ளே இருப்பவை 143 குறிகள். 113664 முதல் 113770 வரை எழுத்துகள்; 113776–113788 ஒட்டி வரும் ஒட்டுகள்; 113792–113800 மேலே நிற்கும் ஒட்டுகள்; 113808–113817 கீழே நிற்கும் ஒட்டுகள்; 113820–113823 சிலுவையிட்ட ஓ, தடிப்புக் குறி, இரட்டைக் குறி, சின்னுக் முற்றுப்புள்ளி. இதை அடுத்து, வேறொரு தொகுதியில், 113824–113827 என்ற நான்கு வடிவக் கட்டுப்பாட்டுக் குறிகள். இடையில் உள்ள இடங்கள் காலி. உங்கள் கோப்பில் 113772 அல்லது 113805 போல ஓர் எண் தென்பட்டால், மாற்று அட்டவணையில் யாரோ கணக்குத் தவறியிருக்கிறார்கள். எந்த எழுத்துருவாலும் அதைக் காட்ட முடியாது.

சோதனைக்கு ஒரு சொல் வேண்டும். &#113666;&#113729;&#113667; என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பி (P), ஏ (A), டி (T). மேலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு, அதன் நுனியில் ஒரு சிறு வட்டம், அங்கிருந்து வலப்புறம் ஒரு கிடைக்கோடு, மூன்றும் பேனா எடுக்காமல் எழுதியதுபோல ஒரே உருவமாக வரவேண்டும். எழுத்தெண்களைச் சேமிக்கும் குறியேற்றங்களில், இந்த மூன்றெழுத்துச் சொல் யூடிஎஃப்-8-இல் 12 பைட், யூடிஎஃப்-16-இல் 6 அலகு (அங்கே இந்த எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பாதிகள் கொண்ட ஓர் இணையாகப் பதியும்). கீழ்வரும் ஒவ்வோர் அறிகுறியையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

இதுதான் மிகச் சாதாரணமான கோளாறு. பெரும்பாலும் தரவு நலமாகவே இருக்கும். மூன்றெழுத்துக்கு மூன்று கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் துப்ளோயன் எழுத்துருவை நிறுவி, செயலியை மூடித் திறந்தால் சரியாகும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இங்கே ஒரு நல்ல உதவி செய்கிறது. எழுத்துரு கிடைக்காத குறிக்கு அது வெற்றுக் கட்டம் போடாமல், கட்டத்துக்குள் பதினறும எண்ணையே எழுதிக் காட்டும். கட்டத்தில் 01பிசி என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் தரவு முழுசாக இருக்கிறது. டி82எஃப் போல நான்கு இலக்கம் இருந்தால், எழுத்து இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. எழுத்துருவை விட்டுவிட்டு, கீழே வெட்டுப்படுவதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

எழுத்துரு நிறுவியும் கட்டம்தான் என்றால், நீங்களோ உங்களுக்குத் தந்தவரோ அதை வெட்டிச் சுருக்கியிருக்கலாம். எழுத்துருவில் எண்ணையும் வடிவத்தையும் இணைக்கும் சிமேப் அட்டவணைக்குப் பல வடிவங்கள் உண்டு. வடிவம் 4 என்பது 65535-ஐத் தாண்டாது. துப்ளோயனுக்கு வடிவம் 12 கட்டாயம். வீட்டில் செய்த எழுத்துருக்களில் இந்தக் குறை அடிக்கடி காணப்படும்: வடிவங்கள் எல்லாம் உள்ளே வரைந்து வைத்திருப்பார்கள், ஆனால் அவற்றுக்கு வழி இருக்காது.

கேள்விக்குறிகள் வருகின்றன

எத்தனை என்று எண்ணுங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி என்றால், முழு எழுத்தையும் புரிந்துகொண்ட ஒரு நிரல் அதைப் பழைய எட்டு-பிட் குறியேற்றத்துக்கு மாற்றப்பார்த்து, இடமில்லாமல் கேள்விக்குறி போட்டிருக்கிறது. ஓர் எழுத்துக்கு இரண்டு கேள்விக்குறி என்றால், யூடிஎஃப்-16-இல் வேலை செய்யும் ஒன்று எழுத்தின் இரு பாதிகளையும் தனித்தனியாக மாற்றியிருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் எழுத்துச் சரத்துக்கு முன் 'என்' போட மறந்தால் இந்த இரண்டாவது வகை வரும்.

இரண்டிலும் மூல எழுத்து போய்விட்டது. கேள்விக்குறி என்பது 63 என்ற பைட். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூலக் கோப்பிலிருந்து திரும்ப ஏற்றுவது ஒன்றே வழி. ஏற்றும் முன் இணைப்பின் குறியேற்றத்தைச் சரிசெய்யாவிட்டால், திரும்பவும் அதே கேள்விக்குறிதான்.

கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி வேறு விஷயம். அது 65533 என்ற மாற்றுக் குறி. படிக்கும் நிரல் உடைந்த பைட் வரிசையைக் கண்டு அதைப் போடுகிறது. கோப்பில் உள்ள பைட்களைப் பாருங்கள். 240 155 177 132 என்று இருந்தால் தரவு பிழைத்தது, படித்த விதம்தான் தவறு. 239 191 189 என்று இருந்தால், மாற்றுக் குறியையே யாரோ சேமித்துவிட்டார்கள்; பழைய எழுத்து திரும்பாது.

பூச்சி பூச்சியாக வருகிறது

யூடிஎஃப்-8 பைட்களை விண்டோஸ்-1252 (விண்டோஸின் பழைய எட்டு-பிட் குறியேற்றம்) என்று நினைத்துப் படித்தால் ஓர் எழுத்து நான்கு பூச்சியாகும். துப்ளோயனுக்கு இதில் ஒரு தனி அடையாளம் உண்டு. எல்லா எழுத்தும் 240 155 என்றே தொடங்கும். மூன்றாவது பைட் 176, 177, 178 என்ற மூன்றில் ஒன்று. ஆகவே ஐஸ்லாந்தியரின் குறுக்குக் கோடிட்ட 'எத்' எழுத்து, பின் › என்ற கோணக்குறி, பின் ° அல்லது ± அல்லது ² வரும். இந்த வரிசையைக் கண்டால் உள்ளே இருப்பது துப்ளோயன் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

கோப்பைத் தொடாமல், படிக்கும் குறியேற்றத்தை மட்டும் யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். காற்புள்ளிக் கோப்பை (CSV) எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறப்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. கோப்பின் தலையில் 239 187 191 என்ற மூன்று பைட்களைச் சேர்த்துச் சேமித்தால் எக்செல் புரிந்துகொள்ளும்.

பூச்சியாகத் தெரிந்ததை யாராவது அப்படியே சேமித்திருந்தால் சிக்கல் ஒரு படி கூடுகிறது. பைட்களை எண்ணினால் தெரிந்துவிடும். ஓ எழுத்து (113732) 4 பைட்டாக இருக்க வேண்டும். இருமுறை குறியேற்றம் நடந்திருந்தால் 10 பைட். விண்டோஸ்-1252-க்கு மாற்றிவிட்டு, விளைவை யூடிஎஃப்-8 என்று படித்தால் மீளும்.

ஆனால் எல்லா எழுத்தும் மீளாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்குப் பொருள் இல்லை. ஏ எழுத்தின் கடைசி பைட் 129. தடிப்புக் குறியின் (113821) கடைசி பைட் 157. கறாரான மாற்றி இந்த இரண்டையும் தூக்கி எறிந்திருக்கும். ஏ எழுத்து இல்லாத வரி அரிது என்பதால், மீட்ட கோப்பில் ஏ மட்டும் எங்குமே காணோம் என்றால் காரணம் இதுதான். உலாவிகள் அந்த ஐந்து இடங்களையும் கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்துக் காப்பாற்றும். எனவே பிழை உலாவி வழியாக வந்திருந்தால் மீட்பு முழுமையாக அமைய வாய்ப்பு உண்டு. மீட்கும் முன் கோப்பின் ஒரு படியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தமே இல்லாத வேறு எழுத்து வருகிறது

இது குழப்பமாகத் தோன்றும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அறிகுறி கிடையாது.

கொரிய எழுத்து வந்தால், எண் 16 பிட்டுக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. 113732-இல் 65536 கழித்தால் 48196. அது ஒரு கொரிய அசை. துப்ளோயன் தொகுதி முழுதும் இப்படி வெட்டுப்பட்டால் 48128 முதல் 48287 வரை, அதாவது கொரிய அசைகளுக்கு நடுவே, போய் உட்காரும். சி மொழியில் எழுத்தை 16-பிட் மாறியில் வைத்தவர்கள், ஜாவாவில் முழு எண்ணைக் கட்டாயமாக 'சார்' வகைக்கு மாற்றியவர்கள் வழக்கமான குற்றவாளிகள். நல்ல செய்தி, எந்தத் தகவலும் தொலையவில்லை. கோப்பில் உண்மையான கொரியம் இல்லை என்று உறுதியானால், அந்த வரம்புக்குள் வரும் ஒவ்வோர் எண்ணிலும் 65536-ஐக் கூட்டினால் போதும்.

சுமத்ராவின் பட்டக் எழுத்து ஒன்றும், அதன் பின்னால் ஓர் இலக்கமும் வந்தால், நிரலில் தப்பெழுத்து (எழுத்தை அதன் எண்ணால் குறிக்கும் முறை) எழுதிய விதம் தவறு. பின்சாய்கோடு, சிறிய யூ, பிறகு நான்கே இலக்கம் என்பது பல மொழிகளின் விதி. 1பிசி44 என்று ஐந்து இலக்கம் எழுதினால், 1பிசி4 என்பதோடு நிரல் நிறுத்திக்கொள்ளும். மீதி 4 வெறும் இலக்கமாக ஒட்டும். 1பிசி4 என்பது 7108, பட்டக் எழுத்து. பைத்தானில் பெரிய யூ போட்டு எட்டு இலக்கம் (முன்னால் மூன்று சுழியம் சேர்த்து) எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நெளிவு அடைப்புக்குள் எழுதுங்கள். ஜேசான் (JSON) தரவு வடிவத்தில் அந்த வசதி இல்லை. இணையின் இரு பாதிகளையும் அடுத்தடுத்து எழுத வேண்டும், அல்லது எழுத்தையே நேரடியாக இட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: வலைப்பக்கத்தில் இணையின் பாதிகளை &#55343;&#56388; என்று இரண்டாக எழுதுவது. இரண்டு சாய்சதுரங்கள்தான் கிடைக்கும். அங்கே ஒரே எண்தான், &#113732;.

பாதி எழுத்து வெட்டுப்படுகிறது

யூடிஎஃப்-16-இல் இந்தத் தொகுதியின் எல்லா எழுத்துக்கும் முதல் பாதி ஒன்றேதான்: 55343. இரண்டாம் பாதி 56320-இலிருந்து தொடங்கும். ஜாவாஸ்கிரிப்ட் நம் மூன்றெழுத்துச் சொல்லின் நீளம் 6 என்று சொல்லும். 'முதல் மூன்றை எடு' என்றால் ஒன்றரை எழுத்தைத் தரும். படிவங்களில் உயர்ந்தபட்ச நீளம் வைத்திருந்தால் அதுவும் இப்படித்தான் எண்ணும்.

குறியெண் வாரியாக எண்ணும் செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள். ஒழுங்குக்கோவையில் (regex) யூ கொடியைப் போடுங்கள். பைத்தான் 3.3 முதல் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பைத்தான் 3.4-இன் எழுத்துத் தகவல் அட்டவணை யூனிகோடு 6.3-ஐச் சேர்ந்தது, துப்ளோயனை அது 'ஒதுக்கப்படாதது' என்றே சொல்லும். 3.5-இல் சரியாகிவிட்டது. ஜாவா 8-க்கும் அதே குறை, ஜாவா 9-இல் தீர்ந்தது. 'எழுத்து மட்டும் அனுமதி' என்று சோதனை வைத்த படிவம் இந்த எழுத்துகளை மறுத்தால், பின்னால் ஓடுவது எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்.

ஓர் எழுத்து 6 பைட்டாக, 237 160 175 237 177 132 என்ற மாதிரியில் இருந்தால், இரு பாதிகளையும் தனித்தனியே யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். ஆரக்கிளில் வெறுமனே யூடிஎஃப்8 என்று பெயர் கொண்ட பழைய குறியேற்றம் செய்வது இதையே; புதியதற்குப் பெயர் ஏஎல்32யூடிஎஃப்8.

தரவுத்தளம் 1366 பிழை தருகிறது, அல்லது வரி பாதியில் நிற்கிறது

மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுநாள் இருந்தது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு 3 பைட் போதும் என்பதால் தமிழ்த் தளங்கள் ஆண்டுக்கணக்கில் இதைக் கவனிக்காமலே ஓடின. 2019-இல் வந்த தமிழ்ப் பின்னக் குறிகளை ஏற்றிப் பாருங்கள், இதே பிழை வரும். முந்திரிக் குறியின் எண் 73664, அதற்கும் 4 பைட் வேண்டும்.

கண்டிப்பான முறையில் தரவுத்தளம் 1366 என்று சொல்லி நிறுத்தும். கண்டிப்பு இல்லாத முறையில் முதல் துப்ளோயன் எழுத்து வரைக்கும் சேமித்துவிட்டு, மீதியை ஓசைப்படாமல் விட்டுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து; மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

செய்யவேண்டியவை, இந்த வரிசையில்: முதலில் காப்புப்படி. பிறகு அட்டவணையையும் ஒவ்வொரு நெடுவரிசையையும் 4 பைட் வரை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். தரவுத்தளத்தின் இயல்பை மட்டும் மாற்றினால் பழைய அட்டவணைகள் மாறாது. பிறகு இணைப்பையும் எம்பி4 ஆக்குங்கள். அட்டவணையை மாற்றிவிட்டு இணைப்பை மறந்தவர்களுக்குத்தான் 'எல்லாம் செய்தும் கேள்விக்குறி' வருகிறது. பழைய வரிசை வடிவத்தில் (row format) சுட்டியின் (index) நீளம் 767 பைட்டைத் தாண்டக்கூடாது. 255 எழுத்து நெடுவரிசை 3 பைட் கணக்கில் 765-இல் அடங்கியது, 4 பைட் கணக்கில் 1020 ஆகிவிடும். சுட்டியை 191 எழுத்தாகக் குறையுங்கள், அல்லது 3072 பைட் வரை ஏற்கும் டைனமிக் வரிசை வடிவத்துக்கு மாறுங்கள். 8.0 பதிப்பில் எம்பி4-தான் இயல்பு.

ஒன்றைத் தேடினால் எல்லாம் வருகிறது

எம்பி4-க்கு மாறிய கையோடு பலர் சந்திப்பது இது. பி என்ற எழுத்தைத் தேடினால் டி, கே, ஓ எல்லாம் வந்து நிற்கும். தனித்தன்மை கோரும் சுட்டியில் இரண்டாவது சொல்லைச் சேர்த்தாலே 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கும். தரவைப் பார்த்தால் பைட் பைட்டாகச் சரியாக இருக்கும்.

பழுது ஒப்பீட்டு விதியில். ஜெனரல்_சிஐ, யூனிகோட்_சிஐ என்ற பழைய விதிகள் 65535-க்கு மேற்பட்ட எல்லாக் குறிக்கும் ஒரே எடையைத் தருகின்றன. அவற்றின் கண்ணில் ஒரே நீளமுள்ள எந்த இரண்டு துப்ளோயன் சொல்லும் ஒன்றேதான். 0900 என்ற எண் தாங்கிய புதிய விதிகள் எழுத்துகளைப் பிரித்தறியும். ஆனால் தடிப்புக் குறி இருப்பதும் இல்லாததும் வேறு வேறு சொல்லாக வேண்டும் என்றால், '_பின்' (bin) என்று முடியும் இருநிலை விதியையே அந்த நெடுவரிசைக்கு வையுங்கள். அகராதிக்கும் சொல்லடைவுக்கும் நம் பரிந்துரை இதுவே. அகரவரிசை வேண்டுமானால் தனி நெடுவரிசையில் வரிசை எண் கொடுத்துக்கொள்ளலாம்.

எழுத்து தெரிகிறது, ஆனால் இணையவில்லை

கோடு, வட்டம், கோடு என்று தனித்தனியே நிற்கிறது. துப்ளோயனில் எழுத்தின் இடம் நிலையானதல்ல. முன் எழுத்து முடிந்த புள்ளியில் அடுத்தது தொடங்க வேண்டும். இந்த இணைப்பை எழுத்துருவின் ஓப்பன்டைப் அட்டவணைகள் செய்கின்றன. யூனிகோடு வரிசையை மட்டுமே சொல்லும், கோணத்தைச் சொல்லாது.

அதே சொல்லை ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமில், அதே எழுத்துருவில் திறந்து பாருங்கள். அங்கே இணைந்தால் உங்கள் செயலியின் குறை. அங்கேயும் இணையாவிட்டால் எழுத்துருவின் குறை, அல்லது பக்கத்தின் பாணிக் குறிப்பு. பாணிக் குறிப்பில் எழுத்திடைவெளி சுழியமாக இருக்க வேண்டும். தலைப்புக்கு அழகாக 1 புள்ளி இடைவெளி வைத்தாலும் சொல் சிதறும். சொல்லின் நடுவே ஓரெழுத்துக்கு மட்டும் வேறு எழுத்துரு, வேறு அளவு கொடுத்தாலும் அங்கே இணைப்பு அறும். அகராதியில் தேடுசொல்லின் ஒரு பகுதியைத் தடித்துக் காட்டும் பழக்கம் துப்ளோயனுக்கு ஆகாது.

வலை எழுத்துருவை வெட்டி ஏற்றுபவர்கள் எண் வரம்பை 113823-உடன் நிறுத்திவிடுவதுண்டு. தொகுதி அங்கேதானே முடிகிறது! ஆனால் கட்டுப்பாட்டுக் குறிகள் அடுத்த தொகுதியில் இருக்கின்றன. அவை வேறு எழுத்துருவுக்குப் போய்விட, சொல் அந்த இடத்தில் இரண்டாகும். வரம்பை 113827 வரை வையுங்கள்.

தனியாகச் சரி, சொல்லுக்குள் கோணல்

இதைத் திருத்தக் கணினி அறிவு போதாது, எழுத்தறிவு வேண்டும். கே எழுத்தும் எல் எழுத்தும் தாளில் பார்த்தால் ஒரே சாய்கோடுதான். ஆனால் கே மேலிருந்து இடக் கீழ்ப்புறமாக இழுப்பது. எல் கீழிருந்து வல மேற்புறமாக ஏற்றுவது. யூனிகோடில் கே 113669, எல் 113670. தனியே அச்சிட்டால் வேறுபாடு தெரியாமல் போகலாம். சொல்லுக்குள் வைத்தால் அடுத்த எழுத்து எந்த நுனியில் ஒட்டும் என்பது தலைகீழாகும்: கே-க்குப் பின் வருவது கீழ் நுனியில், எல்-க்குப் பின் வருவது மேல் நுனியில்.

பழைய கையெழுத்துப் படியைப் பார்த்து, குறி அட்டவணையில் 'இது மாதிரி இருக்கிறது' என்று சொடுக்கித் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள். நீண்ட இணைகளான ஜி (113674), ஆர் (113675) இரண்டுக்கும் இதே பொறி. குட்டை நெட்டை வேறுபாட்டையும் கவனியுங்கள்: பி (P) குட்டை (113666), அதன் நெட்டை அதிர்வொலி இணை B (113671); டி (T) குட்டை (113667), அதன் நெட்டை இணை D (113672). தனியே அச்சிட்ட கோடு குட்டையா நெட்டையா என்று அளக்க முடியாது. பக்கத்துக் கோட்டோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

வட்டங்களில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். ஏ சிறு வட்டம், ஓ பெரிய வட்டம். வட்டம் கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அக்கம்பக்கத்து எழுத்தைப் பொறுத்தது. அதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். கையெழுத்தில் வட்டம் இடப்பக்கம் இருக்கிறதே என்று வேறு குறியைத் தேடாதீர்கள். இன்னும் மோசம், செங்குத்துக் கோட்டுக்கு விசைப்பலகையின் குத்துக்கோட்டையும், ஹெச்-இன் புள்ளிக்குச் சாதாரண முற்றுப்புள்ளியையும் தட்டுவது. கண்ணுக்கு ஒப்பேறும், தேடலில் அகப்படாது. பாமினி காலத்தில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழை ஒட்டவைத்து நாம் பட்ட பாடு இதேதான். எண் 57344-க்கும் 63743-க்கும் இடையே இருந்தால், அது யாரோ தம் எழுத்துருவுக்கென்று வைத்துக்கொண்ட தனிப்பயன் குறி. அந்த எழுத்துருவின் அட்டவணை இல்லாமல் மாற்ற முடியாது.

மேற்படிவும் தடிப்பும் காணாமல் போகின்றன

113824 வந்தால், அடுத்துள்ள ஓரெழுத்து மட்டும் முந்தைய எழுத்தின் மேல் குறுக்காகப் படியும். 113825 வந்தால், படிந்த எழுத்தோடு சொல்லின் மீதியும் தொடரும். 113826 பின்வருவதைக் கீழிறக்கும், 113827 மேலேற்றும். நான்குமே கண்ணுக்குத் தெரியாதவை. எழுத்துருவில் ஆதரவு இல்லாவிட்டால் கட்டம்கூட வராது. எழுத்துகள் வெறுமனே வரிசையாகக் கோத்துக்கொள்ளும். அதனால் பிழை நடந்ததே தெரியாது.

ஒட்டிய உரையில் மேற்படிவு இல்லையென்றால் எண்களைப் பாருங்கள். 113824 அங்கே இருந்தால் எழுத்துருவின் குறை. இல்லையென்றால் வழியில் ஒரு வடிகட்டி தின்றுவிட்டது. தீங்கான மறைகுறிகளை நீக்குகிறேன் என்று 'வடிவமைப்புக் குறி' வகையையே மொத்தமாக நீக்கும் வடிகட்டிகள் பல. அவற்றில் இந்த நான்கு எண்களுக்கும் விலக்குக் கொடுங்கள்.

தடிப்புக் குறி (113821) எந்த எழுத்தைத் தடிக்க வேண்டுமோ அதற்கு உடனே பின்னால் வரவேண்டும். ஆங்கிலத்துக்கான ஸ்லோன் முறையில் கோட்டின் தடிப்பே ஆர் ஒலியைச் சொல்கிறது என்பதால், இது தொலைந்தால் சொல்லே மாறும். எழுத்துருவைத் தடித்ததாக்கி இதை ஈடுகட்ட நினைக்க வேண்டாம். நகலெடுத்ததும் அது போய்விடும்.

தலையும் காலும் வெட்டுப்படுகின்றன

கீழ்நோக்கிய கோடுகள் மூன்று நான்கு தொடர்ந்தால் சொல் வரியை விட்டு இறங்கிப்போகும். எல், ஆர் தொடர்ந்தால் ஏறிப்போகும். வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 2 மடங்காவது வையுங்கள், வழிவதை மறைக்கும் அமைப்பை எடுத்துவிடுங்கள். சம அகலக் கட்டங்களில் எழுத்தை அடைக்கும் முனையச் சாளரத்தில் இந்த எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே எண்ணை மட்டும் பாருங்கள்.

7 என்று தெரிகிறது: டைரோவின் 'எட்'

இது துப்ளோயன் இல்லை. சிசரோவின் செயலர் டைரோவின் பெயரால் வழங்கும் உரோமைச் சுருக்கெழுத்திலிருந்து எஞ்சி, ஐரிஷ் மொழியில் 'மற்றும்' என்ற பொருளில் இன்றும் வாழும் ஒற்றைக் குறி. எண் 8266, யூடிஎஃப்-8-இல் 226 129 138. 65535-க்குள் இருப்பதால் மேலே சொன்ன வெட்டுப்படும் தொல்லைகள் இதற்கு இல்லை. விண்டோஸ்-1252 பூச்சியாக மாறினால் மட்டும் நடுவில் உள்ள 129 தொலையும்.

இதன் உண்மையான தொல்லை, பலர் இலக்கம் 7-ஐயே தட்டிவைப்பது. மாற்றும்போது எல்லா 7-ஐயும் ஒரேயடியாக மாற்றினால் ஆண்டு எண்களும் பக்க எண்களும் பாழாகும். இருபுறமும் இடைவெளி உள்ள ஒற்றை 7-களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இதன் பெரிய வடிவம் 11858 என்ற எண்ணில் 2020-இல் வந்தது. ஆனால் இரண்டுமே நிறுத்தக்குறி வகையில் வைக்கப்பட்டிருப்பதால், பெரிய எழுத்தாக்கும் செயற்கூறு ஒன்றை மற்றொன்றாக மாற்றாது, கையால்தான் மாற்ற வேண்டும். அதே காரணத்தால் சொல் பிரிக்கும் நிரல்கள் இதைக் கால்புள்ளிபோல உதறிவிடும். ஐரிஷ் உரைக்குச் சொல்லடைவு செய்யும்போது 8266-ஐச் சொல்லாகக் கொள்ளும்படி தனியே ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும்.